லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டதா? போர்டு ரிப்பேர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நேத்து ராத்திரி கீபோர்டுல டீ கொட்டிடுச்சு. துடைச்சு ஃபேனுக்குக் கீழ வெச்சேன். இப்ப நல்லாத்தான் ஓடுது. விட்டுடலாமா?

விடாதீர்கள். உடனே ஆஃப் செய்து, சார்ஜரை எடுத்து, பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஆஃப் செய்தாலும் பேட்டரி மாட்டியிருக்கும் வரை போர்டில் சில இடங்களில் வோல்டேஜ் நின்றுகொண்டேதான் இருக்கும். ஈரம், உப்பு, வோல்டேஜ் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் செம்பு கரைந்து பச்சை பூத்துவிடும். டீ காய்ந்தாலும் சர்க்கரையும் பாலும் ஐசி (சிப்) கால்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது அரிப்பு மறுபடி தொடங்கும். இன்று ஓடும் லேப்டாப் சில வாரம் கழித்துச் சாவது இதனால்தான்.

கேள்வி: அரிசியில் புதைத்து வைக்கலாமா?

வேண்டாம். அரிசி சர்க்கரையை எடுக்காது, உப்பையும் எடுக்காது. அதன் மாவுதான் உள்ளே போகும்.

கேள்வி: எங்க ஊர் கடையில தின்னர் ஊத்திப் பிரஷ்ஷால தேய்க்கிறாங்க. சரியா சார்?

தவறு. தின்னர் கனெக்டர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஹீட்சிங்க், ஃபேன், ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, சிமாஸ் செல் (போர்டில் இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி) எல்லாவற்றையும் கழற்றுங்கள். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள் (அதே கடையில் ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள்). அதில் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, மென்மையான டூத்பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசியாக 99% ஐபிஏவில் (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) முக்கி எடுத்தால் தங்கிய தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வரும். பிறகு 60 டிகிரிக்கு மேல் போகாமல் சில மணி நேரம் காய வையுங்கள்.

மறுப்பு: போர்டில் தண்ணீரா? ஐபிஏ மட்டும்தான் போட வேண்டும். தண்ணீர் பிஜிஏ சிப்புக்கு (கால்களுக்குப் பதில் அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள சிப்) அடியில் போய்விடும்.

சிப்புக்கு அடியில் டீ ஏற்கெனவே போய்விட்டது. அதை வெளியே எடுப்பதுதான் நம் வேலை. ஒரு சிட்டிகைச் சர்க்கரையை 99% ஐபிஏவில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் மணல் மாதிரி அப்படியே கிடக்கும். அதையே தண்ணீரில் போட்டால் நொடியில் கரைந்துவிடும். உப்பும் அப்படித்தான். ஐபிஏ ஃப்ளக்ஸையும் (சால்டர் செய்யும்போது தடவும் பசை) எண்ணெயையும் எடுக்கும், தண்ணீரை விரட்டும். டீயைக் கரைக்காது.

மறுப்பு: அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) ஐபிஏ ஊற்றி ஓட்டினால் வந்துவிடுமே?

தொட்டியில் ஐபிஏ ஊற்றவே ஊற்றாதீர்கள். சூடேறி ஆவி கிளம்பும், தீப்பிடிக்கும். அல்ட்ராசோனிக்கிலும் டிஸ்டில்டு வாட்டரும் போர்டு கழுவும் கெமிக்கலும்தான். சில நிமிடம் போதும், அதிக நேரம் ஓட்டினால் கிரிஸ்டல் (போர்டுக்குக் கிளாக் துடிப்பு தரும் பாகம்) கெடலாம். வோல்டேஜ் இல்லாத போர்டைச் சுத்தத் தண்ணீர் கெடுக்காது. முழுதும் காயாமல் பேட்டரி மாட்டுவதுதான் கெடுக்கும்.

கேள்வி: கழுவியாச்சு. 19 வோல்ட் லைன் ஷார்ட். எங்கே தொடங்கணும்?

சார்ஜர் லைனில் வரும் முதல் இரண்டு மாஸ்ஃபெட்டுகளுக்கு (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் பாகங்கள்) முன்னாலா பின்னாலா ஷார்ட் என்று முதலில் பிரியுங்கள். பின்னால் என்றால் அது மெயின் ரெயில் (போர்டு முழுவதற்கும் பவர் போகும் பொது லைன்). சும்மா வோல்டேஜ் இன்ஜெக்ட் செய்துவிடாதீர்கள் (வெளியிலிருந்து பவர் சப்ளையால் கொடுப்பது). மெயின் ரெயிலுக்கும் ஒவ்வொரு காயிலுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். கோர் காயிலோடு (பிராசஸருக்குப் பவர் தரும் காயில்) நேராக ஒட்டியிருந்தால் அந்த ஹைசைடு மாஸ்ஃபெட் (மெயின் ரெயிலுக்கும் காயிலுக்கும் நடுவே இருப்பது) போயிருக்கிறது. அப்போது நீங்கள் கொடுப்பது பிராசஸருக்கே போகும். முதலில் அதைக் கழற்றுங்கள்.

அப்படி இல்லையென்றால் பவர் சப்ளையில் 1 வோல்ட், 2 ஆம்பியர் லிமிட் வைத்துக் கொடுங்கள். போர்டில் ஐபிஏ தடவிப் பார்த்தால் ஷார்ட்டான பாகத்தின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று வட்டமாக உலரும். பெரும்பாலும் செராமிக் கெபாசிட்டராக இருக்கும். கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: கோர் காயில்ல 2 ஓம் காட்டுது. ஷார்ட்டா?

இல்லை. பிராசஸர் கோர் லைனில் அவ்வளவு குறைவாக வருவது இயல்பு. அதே மாடலின் நல்ல போர்டோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: காபி கொட்டிடுச்சு, வெயில்ல வெச்சா போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள்.

கேள்வி: வெறும் தண்ணிதான் சார், ஒண்ணும் ஆகாதுல்ல?

குழாய்த் தண்ணீரிலும் உப்பு உண்டு. மேலே மூன்று முறை சொன்னதுதான்: பேட்டரி, பேட்டரி, பேட்டரி.

கேள்வி: டேட்டா மட்டும் வேணும்.

எம்.2 எஸ்எஸ்டி (போர்டில் செருகிக் கழற்றும் வகை) என்றால் கழற்றி, அதற்கேற்ற யுஎஸ்பி கேஸில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெகவரி கீ வேண்டும். போர்டிலேயே சால்டர் செய்த ஸ்டோரேஜ் என்றால் நீங்களே எதையும் சூடாக்காமல் டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: போர்டு சரியாகிடுச்சு. ஆனா தானாவே ஆன் ஆகி ஆஃப் ஆகுது அண்ணா.

கீபோர்டு ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல மாடல்களில் பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும். உள்ளே படிந்த டீ அதை அழுத்தினாற்போலவே வைத்திருக்கும். கீபோர்டைக் கழுவிப் பயனில்லை, புதிது மாற்றுங்கள். மாற்றும்போது டிஸ்ப்ளே கனெக்டரையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பின் பச்சையாக இருந்தாலும் ஸ்கிரீனை மாட்டி ஆன் செய்யாதீர்கள். பேக்லைட் வோல்டேஜ் பக்கத்துச் சிக்னல் பின்னுக்குத் தாவினால் பிராசஸரே போய்விடும்.