காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏரியில் விண்ட்சர்ஃபிங் (காற்றைப் பிடிக்கும் துணிப் பாய் பொருத்திய பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) போகலாமா? போய்வந்தவர்கள் அனுபவம் என்ன?

தாராளமாகப் போகலாம். ஆனால் காற்றின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அது உங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்று பாருங்கள். கரையை நோக்கி அடித்தால் தைரியமாக இறங்கலாம். கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கும் காற்று, எவ்வளவு மென்மையாகத் தெரிந்தாலும், புதியவர்களுக்கு ஆகாது.

எனக்கு இது புரிந்த இடம் இத்தாலியின் கார்தா ஏரி. மியூனிக்கில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் கோடையில் ஒன்றாகக் கிளம்பி, பிரென்னர் கணவாய் தாண்டி, ஏரியின் வடமுனையில் இருக்கும் டோர்போலேவுக்குப் போவோம். இத்தாலியிலேயே பெரிய ஏரி, பரப்பு சுமார் 370 சதுர கி.மீ. தெற்கே அகன்று கிடக்கும் தண்ணீர் வடக்கே வர வர இரண்டு பக்க மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிவிடும். காற்றும் அந்த இடுக்கில்தான் நுழைந்து வரவேண்டும், அதனால் அங்கே அதன் வேகம் கூடிவிடுகிறது.

வானம் தெளிந்த கோடை நாளில் அங்கே இரண்டு காற்று. விடியலில் வடக்கிலிருந்து இறங்குவது பெலேர். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் அங்குள்ள காற்று மேலே எழும்பும், அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று வரும். அதுதான் ஓரா. பெலேர் உங்களை டோர்போலே கரையிலிருந்து நடு ஏரிக்குக் கொண்டுபோகும். ஓரா, பாய் கையைவிட்டுப் போனாலும், உங்களை அதே கரைப்பக்கம்தான் தள்ளிக்கொண்டு வரும். எங்களில் நன்றாகப் பழகியவர்கள் மட்டும் பெலேருக்கு எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு மதியம்தான்.

ஓராவுக்கு முந்தைய அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாயைக் கட்டிவைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருப்போம். தண்ணீர் அசையாமல் கிடக்கும். தெற்கே ஏரியின் குறுக்கே கருநீலமாக ஒரு கோடு தெரிந்ததும், “வந்துருச்சுடா!” என்று ஒருத்தன் கத்துவான். அந்தக் கோடு நம்மை எட்டும்போது கரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

முதலில் பலகை அலையைத் தட்டித் தட்டித்தான் போகும். காற்று வலுத்ததும் தண்ணீரின் மேலேறி வழுக்க ஆரம்பிக்கும். காலடியில் சத்தமே மாறிவிடும்: டொக் டொக்கென்ற அடி நின்று, சர்ரென்று ஒரே இரைச்சல். இடுப்பில் கட்டும் ஹார்னெஸ் பட்டையின் கொக்கியை, பாயைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பியான பூமில் தொங்கும் கயிற்றில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்தால், பாயின் இழுப்பை உடல் எடை தாங்கிக்கொள்ளும், கைகள் லேசாகிவிடும். இந்தச் சில நொடிகளுக்காகத்தான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போகிறோம்.

பாயின் அளவில் மட்டும் வீம்பு வேண்டாம். காற்று மணிக்கு 10 கடல்மைலிலிருந்து 20 கடல்மைலுக்கு ஏறினால் வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்கு. மிதமான காற்றில் சுகமாக இருந்த பெரிய பாய் அப்போது ஆளையே தூக்கி எறியும். கரைக்கு வந்து சின்னதை மாட்டிக்கொண்டு போங்கள்.

விழுவது சகஜம். ஆனால் எந்த நிலையிலும் பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். பலகை மிதக்கும், உங்களைத் தேடுபவர் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும். உதவி வேண்டுமென்றால் பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், உலகம் முழுக்க இதுதான் ஆபத்துச் சைகை. மலையாறு விழும் ஏரி, தண்ணீர் குளிரும் என்பதால் வெயில் நாளிலும் வெட்சூட் (உடம்போடு ஒட்டி, குளிர் தாங்கும் நீருடை) அவசியம். ஏரியின் வடபகுதியில் தனியார் மோட்டார் படகுகளுக்குத் தடை உண்டு, அது பெரிய நிம்மதி. பயணிகள் படகுக்கு மட்டும் தூரத்திலேயே வழிவிட்டுவிடுங்கள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவோம், சற்று நேரத்துக்கு ஒருமுறை ஜோடியின் பாய் நிறத்தைத் தேடிக்கொள்வோம். கடைசி ஆள் கரையேறும்வரை ஒரு பாயாவது கழற்றாமல் இருக்கும், யாராவது திரும்ப உள்ளே போகவேண்டி வந்தால் அது தயாராக இருக்கவேண்டும்.