அப்டேட்டுக்குப் பின் லிப்ரே ஆஃபிஸ் திறக்காவிட்டால் ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆவணங்களைத் தட்டச்சு செய்ய உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸைப் புதிய பதிப்புக்கு அப்டேட் செய்தீர்கள், அதற்குப் பிறகு ஐகானைச் சொடுக்கினால் லோகோ ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது, முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அதே நிலைதான், சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். நீங்கள் விண்டோஸ் கணினியில், பல ஆண்டுகளாக இதே மென்பொருளில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடைக்காரர் சொன்னதை மட்டும் தயவுசெய்து இப்போதைக்குச் செய்யாதீர்கள்.

மறுபடி நிறுவியும் சரியாகாததற்குக் காரணம் எளிமையானது. லிப்ரே ஆஃபிஸ் இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. மென்பொருள் இருக்கும் இடம் ஒன்று. நீங்கள் செய்த மாற்றங்கள், சேர்த்த சொற்கள், எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும் கூடுதல் வசதிகள் எல்லாம் சேர்ந்திருக்கும் பயனர் புரொஃபைல் வேறொன்று. அன்இன்ஸ்டால் செய்யும்போது முதலாவது மட்டுமே போகிறது. இரண்டாவது அப்படியே கிடந்து, புதிதாக நிறுவிய மென்பொருளையும் அதே இடத்தில் காலை வாரிவிடுகிறது. அந்த ஃபோல்டரின் பெயர் வெறும் '4'. 2013இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, ஆண்டைப் பெயராகக் கொண்டு 2024 முதல் வரும் பதிப்புகள் வரை அந்தப் பெயர் மாறவில்லை. ஆகவே என்றோ ஒரு பழைய பதிப்பு எழுதிவைத்ததை இன்றைய பதிப்பு திறந்து படிக்கிறது.

எனக்கு இது அழுத்தமாகத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு ஆவண எழுத்தர். திருநெல்வேலிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர், எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். ஒருநாள் மாலை கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு ரெண்டு பத்திரத்துக்கு டோக்கன் போட்டிருக்கு. இந்த ஆஃபிஸ் திறக்கவே மாட்டேங்குது. ஃபார்மட் அடிச்சாத்தான் ஆகும்ங்கான் கடைக்காரப் பையன். நம்ம ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதான் கெடக்கு, அடிச்சிரச் சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி, நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவருடைய பத்திரங்கள் டி டிரைவில் இருந்தது உண்மைதான். ஆனால் அவருடைய தொழிலின் பாதி சி டிரைவில் இருந்தது. கிரையப் பத்திரம், தானசெட்டில்மெண்டு, அடமானம் என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டிய வாசகங்களை ஆட்டோடெக்ஸ்டில் சேர்த்து வைத்திருந்தார். இரண்டெழுத்துச் சுருக்கத்தைத் தட்டி எஃப்3 விசையை அழுத்தினால், பின்னால் வில்லங்கம் ஏதும் தெரியவந்தால் விற்பவரே தம் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பதாகச் சொல்லும் பத்தி முழுவதும் வந்து விழும். ஊர்ப் பெயர்களையும் கிராமக் கணக்குச் சொற்களையும் அகராதியில் சேர்த்திருந்தார். இவை எதுவும் டி டிரைவுக்குத் தாமாகப் போவதில்லை. ஃபார்மட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். போனது என்ன என்பதே மறுநாள் எஃப்3 அழுத்தும்போதுதான் தெரிந்திருக்கும்.

முதலில் நான் செய்தது, அந்தக் கணினியிலேயே விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து லிப்ரே ஆஃபிஸைத் திறந்து பார்த்ததுதான். உடனே திறந்தது. மென்பொருளில் கோளாறு இல்லை, பழைய கணக்கின் புரொஃபைலில்தான் கோளாறு என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள். எதையும் இழக்காமல் பாதி உண்மை தெரிந்துவிடும்.

பிறகு பழைய கணக்குக்குத் திரும்பி, டாஸ்க் மேனேஜரில் எஸ்ஆஃபிஸ்.பின் (soffice.bin) என்ற பெயரில் ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். முன்பு திறக்க முயன்றபோது பாதியில் நின்றுபோனது பின்னணியில் உயிரோடிருந்தால், நீங்கள் எத்தனை முறை சொடுக்கினாலும் புதிதாக ஒன்று தொடங்காது. அடுத்து விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை இருபுறமும் சதவீதக் குறியிட்டு ஆங்கிலத்தில் (%appdata%) தட்டச்சு செய்தால், மறைவாக இருக்கும் அந்த ஃபோல்டர் நேராகத் திறக்கும். அதற்குள் லிப்ரே ஆஃபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். இந்த யூசர் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்தாலே போதும். மென்பொருளைத் திறந்தால், தன் ஃபோல்டரைக் காணாமல் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

அண்ணாச்சியின் கணினியில் அப்படித்தான் திறந்தது. திறந்ததும் எஃப்3 அழுத்திப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. மென்பொருளை மூடிவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து ஆட்டோடெக்ஸ்ட், அவர் சேர்த்த அகராதிச் சொற்கள் இருக்கும் வேர்ட்புக் என்ற இரண்டு உள் ஃபோல்டர்களை மட்டும் புதிய யூசருக்குள் நகலெடுத்து வைத்தேன். மறுபடி திறந்து அவரே தட்டினார். வில்லங்கப் பத்தி வந்து விழுந்தது. அன்று இரவே இரண்டு பத்திரங்களையும் முடித்துவிட்டார். பின்னர் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தபோது, பழைய பதிப்புக்கென எழுதப்பட்ட ஒன்று அதே கோளாறைத் திரும்பக் கொண்டுவந்தது. அதை மட்டும் விட்டுவிட்டோம்.

கோளாறு வந்தால் திறந்து சரிபார்க்க லிப்ரே ஆஃபிஸிலேயே சேஃப் மோட் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று சிலர் எழுதக்கூடும். நியாயமான கேள்வி. 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் அந்த வசதி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவிலேயே கிடைக்கும். எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவைக்கவும், திரையில் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் வன்பொருளிடம் விடும் வன்பொருள் முடுக்கத்தை அணைக்கவும், புரொஃபைல் முழுவதையும் ஒரே ஜிப் ஃபைலாகச் சேமிக்கவும் அதில் இடமுண்டு. கிராஃபிக்ஸ் டிரைவரால் வரும் கோளாறுக்கு அதுவே சரியான வழி. 2020இல் வந்த 7.0 பதிப்பில் திரையில் வரையும் முறை விண்டோஸில் ஸ்கியா என்ற வரைகலை மென்பொருளுக்கு மாறிய பிறகு, பழைய டிரைவர் உள்ள கணினிகளுக்கு இதை நான் முதலில் சொல்வேன். ஆனால் அதே பெட்டியில் புரொஃபைல் முழுவதையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் தேர்வும் இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர் அதைத் தொட்டுவிடுவார் என்ற பயத்தால்தான் பெயர் மாற்றும் வழியை முன்னால் வைத்தேன்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் இந்தத் தொல்லையே இல்லை என்பாரும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் நார்மல் டெம்ப்ளேட் என்ற ஃபைல் கெட்டுப்போனால் வேர்ட் திறக்காமல் போகும். அங்கும் அந்த ஃபைலின் பெயரை மாற்றிவைப்பதே மருந்து. கணினியையே துடைத்துப்போடுவதற்கு முன் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்க்கும் பொறுமை சர்வீஸ் கடைகளில் அரிதாக இருப்பதுதான் என் வருத்தம். துடைத்துப்போடுவது அவர்களுக்கு ஒரு மணி நேர வேலை, தட்டிச் சேர்த்தவருக்கோ பல ஆண்டு உழைப்பு.

உங்களுக்குத் திறந்துவிட்டால், ஆட்டோடெக்ஸ்ட், வேர்ட்புக்கோடு, ஆட்டோகரெக்ட் சொற்களும் டெம்ப்ளேட்களும் மேக்ரோக்களும் இருக்கும் உள் ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். ரிஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ் என்று தொடங்கும் ஃபைலையும் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரையும் கொண்டுவர வேண்டாம். புதிய பயனர் கணக்கிலும் திறக்காமல், ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைலைக் காணவில்லை என்று செய்தி வந்தால் அது வேறு விவகாரம். அந்தச் செய்தியில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.