சேராமல் திரும்பும் மின்னஞ்சல்

அன்புள்ள அண்ணா,

கல்முனையில் எங்கள் நிறுவனத்தின் மெயில் சேர்வரை நான்தான் பார்க்கிறேன், அதில் ஓடுவது போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருள். காலையில் திறந்தால் 'மெயிலர் டீமன்' பெயரில், மடல் சேரவில்லை என்று நூற்றுக்கணக்கில் அறிவித்தல்கள். ஆளில்லை, பெட்டி நிரம்பிவிட்டது, இப்படி. பாதி நாங்கள் அனுப்பவே அனுப்பாத மடல்களுக்கு வந்தவை. மடலின் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாக வருகிற எல்லாவற்றையும் மறித்துவிடு என்கிறார் நண்பர். மறிக்கலாமா?

– ஒரு வாசகர்

தம்பி,

மறிக்க வேண்டாம். அந்த இடம் வெறுமையாக இருப்பது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த விதி. அறிவித்தலே சேராமல் போய், அதற்கு ஓர் அறிவித்தல், அதற்கு இன்னொன்று என்று இரண்டு சேர்வர்கள் விடிய விடிய மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, திரும்பிப் போக முகவரியே இல்லாமல் அனுப்புகிறார்கள். அதை மறித்தால், எதிர்ச் சேர்வர் முதலில் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு 'சேரவில்லை' என்று சொல்வது எதுவும் உங்கள் ஆட்களுக்கு வராது.

மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்துக்கு நான் இந்த வேலை செய்த காலத்தில், தொல்லை தாங்காமல் திரும்பி வருவதெல்லாம் குப்பைக்குப் போகும்படி வைத்தேன். ஆரையம்பதிப் பிள்ளை ஒருத்தி நேர்முகத்துக்கு வரவில்லை, விருப்பமில்லையாக்கும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று கிழமை கழித்து வேறெதற்கோ சேர்வரின் பதிவேடான லொக்கைத் திறந்தால் அவளுடைய முகவரி, பக்கத்தில் 552 என்ற பிழை எண், பெட்டி நிரம்பிவிட்டது. அன்றைக்கே ஒரு கோல் எடுத்திருந்தால் போதும். அந்த வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நீங்கள் அனுப்பாத மடல்களுக்கு வருபவை வேறு கதை. யாரோ உங்கள் முகவரியைப் போட்டு ஸ்பாம் அனுப்புகிறார்கள், அதை வாங்கிய சேர்வர்கள் உங்கள் தலையில் திருப்பிக் கொட்டுகின்றன. உங்கள் பெயரில் எந்தச் சேர்வர் அனுப்பலாம், மற்றவை அனுப்பினால் என்ன செய்வது என்று சொல்லும் எஸ்.பி.எஃப், டிமார்க் பதிவுகளைச் சரியாகப் போட்டால் குறையும். ஆனால் அதற்கு முன் உங்கள் சேர்வரும் மற்றவர்களுக்கு இதைச் செய்கிறதா என்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் படலையிலேயே 550, அதாவது ஏற்கமாட்டேன், என்று சொல்லிவிட வேண்டும், உள்ளே வாங்கி வைத்துவிட்டு ஆறுதலாகத் திருப்பக் கூடாது. முன்னுக்கு ஒரு சேர்வரை வைத்துப் பின்னாலுள்ள இன்னொன்றுக்குக் கடத்துபவர்கள், முன் சேர்வருக்குப் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் இது நடக்கிறது.

அப்புறம், பிழை எண் 5 இல் தொடங்கினால் முடிந்த கதை, 4 இல் தொடங்கினால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். போஸ்ட்பிக்ஸ் தானாக 5 நாள் வரை முயலும், அந்த 5 நாளும் அனுப்பியவருக்கு ஒரு சொல்லும் போகாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை நிறுத்தப்பட்டே வருகிறது. அதை 4 மணித்தியாலம் என்று வையுங்கள். மாரியில் லைன் விழுந்து கிடக்கும்போது, மடல் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு இருப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

இன்று வந்தவற்றில் உங்கள் ஆட்கள் உண்மையில் அனுப்பியதை மட்டும் பிரித்தெடுங்கள். அறிவித்தலில் உள்ள எண் 5.1.1 என்றால் முகவரி பிழை, அனுப்பியவரிடம் கேட்டுத் திருத்துங்கள். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது, அவருடைய ஃபோன் நம்பரைத் தேடுங்கள்.