செக்யூர் வார்டில் மருத்துவர் வேலை: கேள்வி பதில்

இங்கிலாந்தில் குற்ற வழக்கோடு தொடர்புடைய மனநோயாளிகள் தங்கும் பாதுகாப்புப் பிரிவுகளில் சேரவிருக்கும் தமிழ் மருத்துவர்கள் அனுப்பிய கேள்விகளும், அத்துறையின் மனநல மருத்துவர் ஒருவர் தந்த பதில்களும் இவை. இங்கே பேசப்படும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1983-ம் ஆண்டு மனநலச் சட்டம். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

கவிதா, மதுரை: மேடம், எம்.டி. முடித்துவிட்டு ஒரு மீடியம் செக்யூர் யூனிட்டில் சேரப்போகிறேன். ஹை, மீடியம், லோ என்று பிரிக்கிறார்களே, வேலையில் என்ன வித்தியாசம்?

ஹை செக்யூர் மருத்துவமனைகள் இங்கிலாந்தில் மூன்றுதான்: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். வெளியே இருந்தால் பொதுமக்களுக்கு உடனடியாகப் பேராபத்து என்று கருதப்படுபவர்கள் அங்கே போவார்கள். மீடியம் செக்யூர் யூனிட்டுகள், குற்றம் செய்த மனநோயாளிகள் பற்றி ஆராய அரசு அமைத்த பட்லர் குழு 1970-களில் பரிந்துரைத்த பிறகு வட்டாரந்தோறும் எழுந்தவை. அவற்றின் வெளிவேலி 5.2 மீட்டர் உயரம். லோ செக்யூரில் 3 மீட்டர்.

உங்கள் அன்றாட வேலையை மாற்றப்போவது வேலி இல்லை, நோயாளி தங்கும் காலம். பொது மனநல வார்டில் வாரக்கணக்கு, இங்கே பெரும்பாலும் வருடக்கணக்கு. அதனால் பழைய கோப்பைப் படிப்பது பெரிய வேலை. எந்த மருந்து, எவ்வளவு டோஸ், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். "முன்பு கொடுத்தோம், பலனில்லை" என்று கோப்பில் இருக்கும் மருந்து, உண்மையில் இரண்டே வாரம் குறைந்த டோஸில் போயிருப்பது அடிக்கடி தெரியவரும்.

சுரேஷ், திருச்சி: சாவி, அலாரம் என்றெல்லாம் சொல்கிறார்கள். உள்ளே போக பயமாக இருக்கிறது. முதல் வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாவிப் பயிற்சி முடியாமல் உள்ளே தனியாக நடமாட விடமாட்டார்கள். சாவி இடுப்பு பெல்ட்டோடு சங்கிலியில் இருக்க வேண்டும், பையிலிருந்து எடுத்ததும் உள்ளங்கையில் மறைய வேண்டும், பூட்டியபின் கதவை இழுத்துப் பார்க்க வேண்டும். வளாகத்தை விட்டு சாவி வெளியே போகவே கூடாது. வீட்டுக்குப் போனபின் சாவி உங்களிடம் இருப்பது தெரிந்தால் அந்த நிமிடமே ரிசப்ஷனுக்குச் சொல்லுங்கள். கேமரா உள்ள போன், யு.எஸ்.பி., லைட்டர், பிளாஸ்டிக் பை, சூயிங்கம் எல்லாம் லாக்கரில். சூயிங்கம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பூட்டுத் துளையை அடைக்க அது போதும்.

நோயாளியைப் பார்க்கும் முன் மூன்று காரியம். அவரை இங்கே கொண்டுவந்த குற்றத்தின் விவரத்தைப் படியுங்கள். இன்று எப்படி இருக்கிறார் என்று ஷிப்ட் நர்ஸிடம் கேளுங்கள். எந்த அறையில், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அறையில் கதவுக்கு அருகிலுள்ள நாற்காலி உங்களுடையது. ஆனால் அவர் வெளியேறும் வழியை மறித்து உட்காராதீர்கள். அடைபட்டதாக உணரும் மனிதர் தள்ளிக்கொண்டு போகப் பார்ப்பார். "இன்று ஆள் சரியில்லை, நாளைக்குப் பாருங்கள்" என்று ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் சொன்னால் கேளுங்கள். நாள் முழுக்க அவரோடு இருப்பவர்கள் அவர்கள். வார்டின் பாதுகாப்பில் பெரும்பங்கு நோயாளியோடு அவர்களுக்குள்ள அந்த நெருங்கிய பழக்கத்திலிருந்து வருகிறது.

நிரோஷன், லண்டன்: 35, 37, 41, 47, 48, 49... எண்களே தலையைச் சுற்றவைக்கின்றன. ஜூனியர் டாக்டருக்கு எது அவசியம்?

இவை மனநலச் சட்டத்தின் பிரிவு எண்கள். ஆள் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள், பாதி புரிந்துவிடும். தண்டனை பெற்ற கைதியைச் சிறையிலிருந்து மாற்றினால் 47, விசாரணைக் கைதியை மாற்றினால் 48. இவற்றோடு 49 சேர்ந்தால் நீதி அமைச்சகத்தின் கட்டுப்பாடு உண்டு. தண்டனைக்குப் பதிலாக நீதிமன்றமே மருத்துவமனைக்கு அனுப்பினால் 37. முதலில் ஆறு மாதம், பிறகு இன்னொரு ஆறு மாதம், அதன்பின் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதோடு பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட் 41-ஐச் சேர்த்தால் காலவரம்பு கிடையாது. வெளியே நடக்க விடுவது, வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது, விடுவிப்பது எதையும் பொறுப்பு மருத்துவர் தன் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. அமைச்சகத்தின் சம்மதம் வேண்டும். விடுவிப்பை மட்டும், தடுத்துவைத்திருப்பது சரியா என்று விசாரிக்கும் தனி மன்றமான டிரிப்யூனலும் உத்தரவிடலாம்.

தனியாகச் சொல்ல வேண்டியது 35. நீதிமன்றம் அறிக்கை கேட்டு அனுப்பும் பிரிவு அது. 28 நாள் வீதம், மொத்தம் 12 வாரத்துக்கு மேல் போகாது. இந்தப் பிரிவு சம்மதமின்றி மருந்து கொடுக்கும் அதிகாரத்தைத் தராது. "செக்‌ஷனில்தானே இருக்கிறார்" என்று நினைத்து ஊசி போட்டால் சட்டமீறல்.

நிரோஷன் (தொடர்ச்சி): அப்படியானால் 37-ல் இருப்பவருக்கு எந்த மருந்தும் எழுதலாமா?

முதல் மூன்று மாதம் மனநோய்க்கான மருந்தைச் சம்மதமின்றியும் கொடுக்கலாம். அதன்பின் படிவம் வேண்டும். நோயாளி புரிந்து சம்மதித்தால் டி2. மறுத்தாலோ, புரிந்துகொள்ளும் திறன் இல்லாவிட்டாலோ வெளியிலிருந்து வரும் இரண்டாம் கருத்து மருத்துவர் தரும் டி3. கணக்கு மருந்து முதன்முதலாகக் கொடுத்த நாளிலிருந்து தொடங்கும். கால அளவுகள் சட்டத் திருத்தத்தில் மாறக்கூடியவை, மனநலச் சட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழை நடப்பது இரவில். ஆன்-கால் டாக்டரை அழைத்து, "தூங்கவில்லை, ஏதாவது எழுதுங்கள்" என்பார்கள். நீங்கள் புரோமெதசின் எழுதுவீர்கள். அது டி3-ல் இருக்காது. "தேவைப்பட்டால்" பட்டியலிலுள்ள மனநோய் மருந்தும் படிவத்தில் இருக்க வேண்டும். எத்தனை வகை, வாயாலா ஊசியாலா, பி.என்.எஃப். (பிரிட்டிஷ் மருந்துக் கையேடு) உச்ச அளவுக்குள்ளா என்பது வரை பொருந்த வேண்டும். படிவத்தின் நகல் மருந்துச் சீட்டோடு இருக்கும், பேனாவை எடுக்கும் முன் அதைத் திறங்கள். உண்மையான அவசரத்தில் படிவமில்லாமல் கொடுக்க 62-ம் பிரிவு இருக்கிறது. வசதிக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பெயர் வேண்டாம்: செக்லூஷன் (தனியறை அடைப்பு) ரிவ்யூவுக்கு இரவு 2 மணிக்கு அழைக்கிறார்கள். போனில் பேசி முடிக்கலாமா?

கூடாது. நேரில் போக வேண்டும்.

தனியறையில் அடைக்க ஆணையிட்டவர் மனநல மருத்துவர் இல்லையென்றால், முதல் மருத்துவப் பரிசோதனை ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். குழு கூடி முதல் ஆய்வு முடியும்வரை மருத்துவர் நான்கு மணி நேரத்துக்கொரு முறை பார்க்க வேண்டும், அதன்பின் நாளுக்குக் குறைந்தது இரண்டு முறை. இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பார்ப்பது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, கவனிப்புக் குறிப்பு 15 நிமிடத்துக்கொரு முறை. தொடர்ந்து எட்டு மணி நேரம் ஆனால் சம்பந்தப்படாத குழு ஒன்று பார்க்க வேண்டும்.

முதலில் குறிப்பேட்டைப் படியுங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், சாப்பிட்டார், சிறுநீர் போனார், 24 மணி நேரத்தில் என்னென்ன மருந்து போயிருக்கிறது, மொத்தம் எவ்வளவு. கதவைத் திறப்பதா என்பதை வார்டு பொறுப்பாளரோடு பேசி முடிவெடுங்கள். கண்ணாடி வழியே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தூங்குபவரை எழுப்ப வேண்டுமா என்பதற்கு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் விதி உண்டு. ஆனால் ஊசி போட்டபின் அசையாமல் கிடப்பவரைத் தூங்குகிறார் என்று எழுதிவிட்டு வராதீர்கள். மயக்க மருந்தோடு குப்புறப் படுத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

குறிப்பில் இரண்டு நேரமும் வேண்டும்: பார்த்த நேரம், எழுதிய நேரம். அடைப்பை முடிக்க என்ன மாற வேண்டும் என்றும் எழுதுங்கள், நோயாளியிடமும் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரியாமல் வெற்றறையில் இருப்பது மனிதருக்குப் பெரும் வதை. அதை நீட்டிக்காமல் பார்ப்பது நம் கடமை.

ஃபாத்திமா, சென்னை: கட்டுக்கடங்காத நிலையில் என்ன ஊசி? நம் ஊரில் ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்த்துப் போடுவோம்.

இங்கும் அது உண்டு. இ.சி.ஜி. இல்லையென்றாலோ இதயநோய் இருந்தாலோ அதைத் தவிர்த்து லோரசெபாம் மட்டும் தசையில். ஓலன்சபின் ஊசியையும் லோரசெபாம் ஊசியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். பின்னர் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, வெப்பம், நீர்ச்சத்து, நினைவு நிலை மணிக்கொரு முறை. தூங்கிவிட்டாலோ, போதைப்பொருள் எடுத்திருந்தாலோ, உச்ச அளவைத் தாண்டியிருந்தாலோ 15 நிமிடத்துக்கொரு முறை. சூக்ளோபென்திக்சால் அசிடேட் உடனே அடக்கும் ஊசி இல்லை. வேலை செய்யவே மணிக்கணக்காகும். ஆன்டிசைகோடிக் முன்பு எடுத்திராதவருக்குப் போடக் கூடாது. இரண்டு வாரத்தில் மொத்தம் 400 மி.கி., நான்கு ஊசிக்கு மேல் கூடாது.

தமிழ்ச்செல்வன், கோவை: செக்யூர் வார்டில் கிளோசபின் அதிகம் என்று கேள்விப்பட்டேன். எதில் கவனம் தேவை?

மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுப்பது கிளோசபின். அது ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கலாம் என்பதால் அவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தம் எடுப்பார்கள், கணினியும் நினைவூட்டும். யாரும் பார்க்காதது குடல். கிளோசபின் குடலின் அசைவையே நிறுத்திவிடும், அதனால் இறந்தவர்கள் உண்டு. தன் வயிற்றைப் பற்றி நோயாளி தானாகச் சொல்லமாட்டார். ஒவ்வொரு வார்டு ரவுண்டிலும் கேளுங்கள். மலம் போவதை ஒரு தாளில் குறித்து வரச் செய்யுங்கள், மலமிளக்கியை முன்கூட்டியே தொடங்குங்கள். வயிற்று வலி, உப்புசம், வாந்தி என்றால் அறுவை சிகிச்சை அவசரம் என்று எடுத்துக்கொண்டு பொது மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 41-ல் இருக்கிறாரே, அமைச்சக அனுமதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உயிர்காக்கும் அவசரத்தில் அனுப்பிவிட்டு உடனே தெரிவிக்கலாம். எத்தனை பேர் கூடப் போவது, கைவிலங்கு வேண்டுமா என்பதைப் பொறுப்பு மருத்துவரோடு தீர்மானியுங்கள்.

அடுத்தது புகை. சிகரெட் புகையிலுள்ள பொருள்கள் கிளோசபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். வார்டில் சிகரெட் கிடையாது என்பதால் வெளியிலிருந்து வந்து நிறுத்தியவருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்த அளவு வெகுவாக ஏறலாம். தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு வரலாம். நிக்கோடின் பேட்ச் போட்டாலும் இது நிற்காது, காரணம் நிக்கோடின் இல்லை, புகை. மறுபக்கம், விடுப்பில் போய் மீண்டும் புகைக்கத் தொடங்கினால் அளவு இறங்கி நோய் திரும்பும். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய டோஸில் தொடங்கவே கூடாது, மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து.

கவிதா: வன்முறை ஆபத்தை மதிப்பிடும் ஹெச்.சி.ஆர்-20 படிவத்தை நிரப்பச் சொன்னால் மதிப்பெண் எப்படிக் கூட்டுவது?

கூட்டாதீர்கள். கடந்த காலம் பற்றி 10, இன்றைய நிலை பற்றி 5, இனி எப்படிக் கையாள்வது பற்றி 5 அம்சங்கள். யாருக்கு, எந்தச் சூழலில், எந்த அறிகுறிக்குப் பின் வன்முறை நடக்கலாம் என்ற காட்சியை எழுதுவதுதான் அதன் பயன். "மிதமான ஆபத்து" என்ற இரண்டு சொல்லால் யாருக்கும் பயனில்லை. "மாத்திரையை நிறுத்தி, கஞ்சா புகைத்து, அம்மா உணவில் விஷம் வைக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தால் சில நாட்களில்" என்று எழுதினால், விடுப்புப் படிவத்தில் என்ன நிபந்தனை போடுவது என்று குழுவுக்குத் தெரியும்.

யாழினி, ஹாரோ: அக்கா, நோயாளி ஈழத்தமிழராக இருந்தால் நானே மொழிபெயர்க்கலாமா?

நலம் விசாரிக்கத் தமிழில் பேசுங்கள், அவருக்கு அது பெரிய ஆறுதல். டிரிப்யூனல், இரண்டாம் கருத்து, சம்மதம் கேட்பது இவற்றுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் மதிப்பிடுபவராகவும் குரலாகவும் இருக்க முடியாது. இங்குள்ள தமிழ்ச் சமூகம் சிறியது என்பதால் மொழிபெயர்ப்பாளர் குடும்பத்துக்குத் தெரிந்தவரா என்று நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

"செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றால் உடனே மருட்சி என்றும் எழுதாதீர்கள், நம்பிக்கைதான் என்று விட்டுவிடவும் வேண்டாம். அதே நம்பிக்கையுள்ள உறவினரிடம் கேளுங்கள். "நாங்களும் நம்புவோம், ஆனால் இவன் சொல்வது வேறு மாதிரி" என்று அவர்கள் சொன்னால் அந்த வித்தியாசத்தை அவர்கள் வார்த்தையிலேயே குறியுங்கள்.

உறவினர் போனில் கேட்டார் என்று விவரம் தராதீர்கள். இந்த வார்டுகளில் தாக்கப்பட்டவர் பல நேரம் நோயாளியின் தாயோ தம்பியோதான். அழைப்பவர் யார், நோயாளி சம்மதித்திருக்கிறாரா, பாதிக்கப்பட்டவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனை உண்டா என்று கோப்பைப் பார்த்துவிட்டு, எண்ணை வாங்கிக்கொண்டு நீங்கள் திருப்பி அழையுங்கள்.

சுரேஷ்: டிரிப்யூனல் அறிக்கையை ஜூனியர் எழுதலாமா?

வரைவு எழுதலாம், பொறுப்பு மருத்துவர் பார்த்து ஏற்க வேண்டும். விண்ணப்பம் வந்த மூன்று வாரத்துக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். பழைய அறிக்கையை ஒட்டிவிட்டுத் தேதி மாற்றுவதுதான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம்: சென்ற ஆண்டு நிறுத்திய மருந்து இன்னும் "இப்போதைய மருந்து" என்று இருக்கும், நோயாளியின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார். எழுதி முடித்ததும் நோயாளியோடு உட்கார்ந்து அதிலுள்ளதைச் சொல்லிவிடுங்கள். தன்னைப் பற்றி நீங்கள் எழுதியதை அவர் முதன்முதலாக விசாரணை அறையில் கேட்கக் கூடாது.