தண்ணீரும் சுவரும் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கடலூரில் ஒரு லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். பாஸ்டரேட் கமிட்டியிலும் இருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்திலிருந்து எங்கள் சபையில் குழப்பம். பதினொரு குடும்பங்கள் (பெரும்பாலும் காலனிப் பக்கத்துக் குடும்பங்கள்) புதன்கிழமைதோறும் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். சிலர் தேவனாம்பட்டினம் கடலில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டார்கள். என் மைத்துனரும் அதில் ஒருவர். குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை என்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கும் வருகிறார்கள். அவர்களுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் வரப்போகிறது. வாட்ஸாப் குழுவில் வசனச் சண்டை நடக்கிறது. ஒரே சபைக்குள் உபதேச வேறுபாடு வந்தால் கிறிஸ்தவர்கள் அதை எப்படிக் கையாள வேண்டும்? பெண்கள் ஆயராகலாமா, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுவது இன்றைக்கும் உண்டா என்பதிலும் உங்கள் கருத்து வேண்டும்.

ஆ., கடலூர்

அன்புள்ள ஆ.,

கடைசி இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பெண்கள் ஆயராவது உங்கள் கமிட்டி முடிவு செய்கிற காரியம் இல்லை. அதைக் கொண்டுவந்து இந்தச் சண்டையில் முடிச்சுப் போடாதீர்கள். அந்நிய பாஷைக்கு 1 கொரிந்தியர் 14-ஐ எடுத்துப் படியுங்கள். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும், ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆளில்லை என்றால் சபையில் வாயைத் திறக்கக் கூடாது. பவுல் கணக்குப் போட்டே கொடுத்துவிட்டார். நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

வாட்ஸாப்பில் ‘சண்டை நடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள், மழை பெய்கிறது என்பது மாதிரி. நீங்கள் எத்தனை வசனம் போட்டீர்கள்? “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்று மத்தேயு 18:15-ல் இருப்பது உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை, அது ஒரு நடைமுறை. முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதற்கும் பிறகுதான் சபை. இருநூறு பேர் இருக்கும் குழுவில் முதல் நாளே வசனம் போட்டவர் மூன்றாம் படியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு எதிராளி மனம் மாற நினைத்தாலும் இருநூறு பேர் முன்னால் தோற்றதாகத்தான் ஆகும். அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் அரைகுறையாகப் பிரசங்கித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அங்கேயே எழுந்து திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு “அதிக திட்டமாய்” விவரித்துக் காண்பித்தார்கள். உங்கள் குழுவில் யாராவது தீத்து 3:10-ஐயும் போட்டிருப்பார்கள், ‘வேதப்புரட்டன், விட்டு விலகு’ என்று. அந்த வசனத்திலேயே “இரண்டொருதரம் புத்தி சொன்ன பின்பு” என்று இருக்கிறது. ஒரு தரமாவது யாராவது அந்த வீடுகளுக்குப் போனார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘முழுக்கா, தெளிப்பா’ என்று நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியாகப் பேசுவதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு தண்ணீர்? எந்த வயதில்? ஒருமுறை பெற்றதை மறுபடி பெறலாமா? மூன்றுக்கும் எடை வேறு.

முதல் கேள்வியில் உங்களுக்குள் சண்டைக்கே இடமில்லை. ஆதிச் சபையின் கையேடான திதகே ஓடுகிற தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றினால் போதும் என்கிறது. உங்கள் சபைக்குப் பெயர் தந்த லுத்தரே முழுக்குதான் அடையாளத்துக்குப் பொருத்தம் என்று எழுதியவர். ஆகவே ‘அவர்கள் கடலில் முங்கினார்கள்’ என்பது குற்றச்சாட்டே ஆகாது. இரண்டாவது கேள்வியில் உங்கள் சபைக்குத் திட்டமான நிலை இருக்கிறது. 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஒன்பதாம் பிரிவு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதை ‘அவரவர் இஷ்டம்’ என்று உங்கள் ஆயர் சொல்ல முடியாது, சொன்னால் பொய். மூன்றாவதுதான் முள். கடலில் முங்கியவர் ‘நான் இன்னும் ஆழமாக ஒப்புக்கொடுத்தேன்’ என்கிறாரா, ‘முன்பு எனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை’ என்கிறாரா? இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மைத்துனர் எதைச் சொல்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மூன்றாவது கேள்வி பழசு. கி.பி. 256-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பேராயர் சிப்பிரியான் 87 பேராயர்களைக் கூட்டி, பிரிந்துபோன கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ரோமாபுரியின் பேராயர் ஸ்தேவான் கூடாது என்றார். பின்னால் 314-ல் ஆர்ல் நகரத்தில் கூடிய சங்கம் ஸ்தேவான் பக்கம் நின்றது. ஆக, உபதேசத்தில் சிப்பிரியான் தோற்றார். ஆனால் அந்த 87 பேர் கூட்டத்தை அவர் தொடங்கிவைத்தது, மாறாக நினைக்கிறவர் எவரையும் நியாயந்தீர்க்க மாட்டோம், ஐக்கியத்திலிருந்து விலக்க மாட்டோம் என்று சொல்லி. ஸ்தேவானோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தூதர்களுக்குத் தங்க இடம்கூடக் கொடுக்கக் கூடாது என்றாராம், அந்தக் காலத்துப் பேராயர் ஒருவர் கடிதத்தில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். உங்கள் கமிட்டிக்கு உபதேசம் ஸ்தேவானுடையதாக இருக்கட்டும். நடத்தையைச் சிப்பிரியானிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசி முடிப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். தரப்புக்கு மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் ஆனால் அது கூட்டம், கூட்டத்தில் ஜனங்கள் பேசுவது தங்கள் ஆட்களுக்காக. உங்கள் ஆயர் தலைமை தாங்கக் கூடாது, அவரும் ஒரு தரப்பு. பக்கத்துச் சேகரத்து ஆயரைக் கூப்பிடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து பசியோடு உட்காராதீர்கள், வார நாளில் சாயங்காலம் வையுங்கள். கமிட்டித் தேர்தல் நெருங்குகிறது என்றால் தேர்தல் முடியட்டும். அதற்கு முன் நடக்கிற எந்த உபதேசப் பேச்சும் வாக்குக் கணக்காகிவிடும். ஒரு அமர்வுக்கு மேலே சொன்ன மூன்றில் ஒரு கேள்வி. முதல் அமர்வில் யாரும் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. எதிர்த்தரப்பு என்ன நம்புகிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, அவர்களிடமே காட்டி, ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தடவை கையெழுத்து கிடைக்காது. எதிராளி சொல்லாததை அவன் வாயில் வைத்து எழுதியிருப்பீர்கள். இரண்டு மூன்று முறை திருத்த வேண்டி வரும், அந்தத் திருத்தத்தில்தான் பாதிச் சண்டை கரையும். பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்லக்கூடியதை முதலில் எழுதுங்கள். அதன் கீழே அவரவர் விளக்கம். 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கையின் நடுப்பகுதி இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தி. ‘நாங்கள் சேர்ந்து அறிக்கையிடுகிறோம்’ என்று ஒன்று, பிறகு ஒரு சபை, பிறகு மற்றச் சபை. நானூறு வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டவர்களுக்கு ஆனது பதினொரு குடும்பத்துக்கு ஆகாதா?

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது: ‘பெரும்பாலும் காலனிப் பக்கத்துக் குடும்பங்கள்’. கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

1703 நவம்பரில் போப்பின் தூதராகத் தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழி. எட்டு மாதம் இங்கே இருந்தார், உடம்பு சரியில்லாமல். உள்நாட்டு மிஷன்களைக் கண்ணால் பார்க்கவில்லை. 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை எழுதி, கப்பலேறுவதற்கு மூன்று நாள் முன்னால் சேசு சபையார் கையில் கொடுத்தார். அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடக் கூடாது (எச்சில் என்றால் நம்மூரில் முகம் சுளிப்பார்கள் என்று குருக்கள் அதை விட்டிருந்தார்கள்). புனிதர்களின் பெயரைத்தான் வைக்க வேண்டும். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது. திருநீறு கூடாது. நடுவில் ஒரு வரி: சேரியில் நோயாய்க் கிடப்பவனின் வீட்டுக்குள் குருவானவர் போக வேண்டும்.

எச்சில், தேங்காய், சாகக் கிடக்கும் மனிதன், எல்லாம் ஒரே தாளில், ஒரே எடையில்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆணை போட்டவர் மேல் மட்டுமில்லை, எதிர்த்து வழக்காடிய சேசு சபையார் மேலும்தான். நாற்பது வருஷம் ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்கும் கடிதம் போயிற்று, வந்தது. 1744-ல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசி ஆணை பிறப்பித்தார். சேரி விஷயத்தில் சேசு சபையார் சொன்ன ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்: சேரி மக்களுக்கென்று தனியாகச் சில குருக்கள். அதாவது கண்டிப்பாக முடிக்க வேண்டிய அந்த ஒன்றுதான் ஏற்பாட்டில் முடிந்தது.

மறு வருஷம், 1745-ல், புதுச்சேரியில் சம்பா கோவில் என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் ஒரு சுவர் நின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரின் ஒரு பக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள், மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தூண்டிவிட, ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டு பெரிய குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று கேட்டார்கள். சுவர் இடிந்தது. அதற்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் பிள்ளை விடாமல் எழுதியிருக்கிறார். மிஷன் வீதியில் அந்தக் கோவிலைக் கடந்து போகிறவர்கள் இதை நினைப்பதில்லை. இப்போது இருக்கும் கட்டடம் பிற்பாடு கட்டியது, சுவரின் தடம் கிடையாது.

உங்கள் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த ஓக்ஸ், சபைக்குள் சாதி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று சண்டையிட்டு வெளியே வந்தவர். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது, ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான். லைப்சிக் தரப்பின் வாதம் என்ன தெரியுமா? சாதி உலக ஒழுங்கு, உபதேசம் அல்ல. செய்யலாம், விடலாம் என்ற வகை. அவர்களுடைய 1577-ஆம் ஆண்டு இணக்க அறிக்கையே (Formula of Concord) பத்தாம் பிரிவில் சொல்கிறது, விசுவாச அறிக்கைக்கே சோதனை வருகிற நேரத்தில் ‘செய்யலாம், விடலாம்’ என்று ஒன்றும் கிடையாது என்று. அந்தப் பிரிவை அங்கியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசும்போது எடுப்பார்கள். ஒரு பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதற்கு எடுக்க மாட்டார்கள்.

இதை உங்கள் சபைக்கு அப்படியே ஒட்டவைத்து, ‘காலனிக்காரர்கள் சாதிக் கோபத்தில் கடலில் முங்கினார்கள்’ என்று கமிட்டியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் விசுவாசத்தை அவமானப்படுத்துவது. ஒரு மனிதன் தண்ணீரிலிருந்து எழுந்து ‘எனக்குப் புது ஜீவன்’ என்று அழுதால், அந்த அழுகை அவனுடையது. நான் கேட்பது உங்கள் பக்கத்தை. புதன்கிழமைக் கூட்டத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை சாட்சி சொல்கிறான், பெண்கள் ஜெபம் நடத்துகிறார்கள். உங்கள் ஆலயத்தில் அந்தப் பதினொரு வீட்டிலிருந்து கடைசியாகப் பாடம் வாசித்தது யார்? கமிட்டியில் எத்தனை பேர்? திருவிருந்துப் பாத்திரம் வைத்திருக்கும் மூப்பர் யார், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புகிறார்? இதற்கு விடை எழுதாமல் ஞானஸ்நானத்தைப் பற்றி எந்த அமர்வையும் தொடங்காதீர்கள்.

தீர்மானத்தைப் பற்றி. திருவிருந்தை மறுப்பது கமிட்டி கைதூக்கி முடிவு செய்கிற காரியமே இல்லை. லுத்தரன் ஒழுங்கில் அது வெளிப்படையான பாவத்தில் பிடிவாதமாக நிற்பவருக்கு, ஆயர் பொறுப்பில், மனந்திரும்பும்வரை. சந்தேகப்படுகிறவருக்கு அல்ல. ஒரு வித்தியாசத்தை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்: நம்புகிறவர் வேறு, போதிக்கிறவர் வேறு. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று நினைக்கும் அங்கத்தினர் பந்தியில் உட்காரலாம். அப்படி நினைப்பவர் ஞாயிறு பள்ளியில் ஞானோபதேசம் நடத்த முடியாது. அவரிடம் ஆயர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், ஆலயத்தில் அறிவிப்பாக வாசிக்கக் கூடாது. மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று இனி வருகிறவருக்கு, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) ஆராதனையில் சொன்ன உடன்படிக்கையைச் சபைக்கு முன் புதுப்பிக்க இடம் கொடுங்கள்.

உங்கள் மைத்துனர் உங்களைவிட மூத்தவரா இளையவரா என்று எழுதவில்லை. எப்படியிருந்தாலும் நீங்கள்தான் போக வேண்டும், பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்று கணக்குப் பார்க்காமல். போனால் அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த கடிதத்தில் அந்தப் பதினொரு குடும்பமும் ஆலயத்தில் எந்த வரிசையில் உட்காருவார்கள் என்று எழுதுங்கள். அடைப்புக்குறி வேண்டாம்.