பாஸ்பேட் போட்ட தகடு ஓவனுக்குப் போவதற்குள் மஞ்சளாகிறது (ஓசூர் பட்டறை)

பெயிண்டுக்கு முன் தகட்டில் படலம் போடும் பாஸ்பேட் கரைசலை இப்போதைக்கு மாற்றாதீர்கள். பவுடர் (ஓவனில் சுட்டு இறுக்கும் தூள் பெயிண்ட்) ஏற்றுவதற்கு முன்பே மடிப்பிலும் துளை ஓரத்திலும் மஞ்சள் துரு பூக்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் கடைசி அலசல் தண்ணீரின் வேலை.

நம் பக்கம் பல போர்வெல்களில் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். ஜிங்க் பாஸ்பேட் படலம் பொடிப் பொடிப் படிகங்களால் ஆனது, நடுவே நுண்துளைகள் உண்டு. தண்ணீரிலுள்ள குளோரைடு அங்கே தங்கிவிட்டால், தகடு மெதுவாகக் காயும்போது இரும்பை அரிக்கும். துரு நீக்க ஆசிட்டில் போட்டதைச் சரியாக அலசாவிட்டாலும் இதே கதைதான்.

ஒரே டேங்கில் எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்றைப் போர் தண்ணீரிலும் மற்றதை ஆர்.ஓ. தண்ணீரிலும் அலசி, ஒரே மாதிரி காய வையுங்கள். ஆர்.ஓ. துண்டு சாம்பல் நிறமாகவே நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. போதும், எல்லா டேங்குக்கும் செலவழிக்க வேண்டாம்.

இரண்டுமே துருப்பிடித்தால், பாஸ்பேட் டேங்கில் படலம் சீக்கிரம் படியச் சேர்க்கும் டோனர் குறைந்திருக்கலாம். அளந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். டோனர் என்பது நைட்ரைட். ஆசிட் டேங்கில் தவறி விழுந்தால் பழுப்புப் புகை கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து.

அப்புறம், பாஸ்பேட் பெயிண்டுக்குப் பிடிமானம் தருவது, தனியாகத் துருவைத் தடுத்து நிற்காது. ராத்திரி முழுக்கச் சும்மா வைக்காமல் அன்றைக்கே பவுடர் ஏற்றிவிடுங்கள்.