புரையேறியது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சளி விடவில்லை என்று ஆன்லைனில் வாங்கிய மிளகு மர எண்ணெயில் ஐந்தாறு சொட்டைத் தேனில் குழைத்து நான்தான் கொடுத்தேன். உடனே புரையேறி ரொம்ப நேரம் இருமினான். நான்கு நாள் ஆகிறது. இப்போது நன்றாக விளையாடுகிறான், சாப்பிடுகிறான். இணையத்தில் தேடினால் அது விஷ மரம், ஈரல் கெடும், புற்றுநோய் வரும் என்றெல்லாம் போட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்யவா? அதே எண்ணெயை முழங்காலில் தேய்த்த மாமனாருக்கு அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்திருக்கின்றன.
– வாசகி, வலங்கைமான்

பதில்: நான்கு நாளாக விளையாடிச் சாப்பிடுகிற பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு தடவை உள்ளே போன ஐந்தாறு சொட்டில் ஈரல் கெடாது. புற்றுநோய்ப் பேச்சை விடுங்கள். "நான்தான் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று புரிகிறது. பிள்ளை தப்பித்துவிட்டான், நீங்களும் தூங்கலாம்.

ஆனால் ஒன்று. ஈரலைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள், புரையேறியதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குக் கவலை தந்த வரி அது மட்டுமே. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த எண்ணெய் நல்லெண்ணெய் போலக் கொழகொழப்பானது இல்லை, தண்ணீர் போல ஓடும். இதில் பெரும்பகுதி பெலாண்ட்ரீன், லிமோனீன், மிர்சீன், பைனீன் போன்ற டெர்பீன்கள், அதாவது செடிகொடிகளில் இருக்கும் வாசனைப் பொருள்கள். பெயிண்ட் அடிப்பவர்கள் பிரஷ் கழுவும் டர்பன்டைனும் இதே குடும்பம்தான், அதில் முக்கியமான பொருள் பைனீன். இப்படிப்பட்ட திரவம் வயிற்றுக்குப் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் நழுவுவதுதான் ஆபத்து. ஒரு துளி போனாலும் நுரையீரலில் மெல்லிய படலமாகப் பரவி, அங்கே புண்ணாக்கி, கிருமியே இல்லாமல் நிமோனியாவைக் கொண்டுவரும். புரையேறி இருமுவது அந்தத் துளி வழி தவறிப் போனதன் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்திலேயே மூச்சில் அது தெரிந்துவிடும். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல நாளாகிறது, அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன்.

இனி எந்தத் தைலத்தை எந்தக் குழந்தை விழுங்கினாலும் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது பனியனைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் நேரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40ஐத் தொட்டால் அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், இருமல் நிற்காவிட்டாலும், பிள்ளை சொக்கிச் சொக்கி விழுந்தாலும், வலிப்பு வந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எல்லாம் அதே எண்ணெயை இரண்டாவது முறை மூச்சுக்குழாய் வாசலுக்குக் கொண்டுவரும் வேலை. பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அப்புறம், இதையெல்லாம் கடிதத்தில் கேட்கக் கூடாது. என் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மிளகு மர எண்ணெயைச் சொல்கிறேனே தவிர, நம் பக்கத்து வீடுகளில் அதைவிட அதிகம் புழங்குவது கற்பூரமும் நீலகிரித் தைலமும். இவை இரண்டும் சின்னப் பிள்ளை வயிற்றுக்குள் போனால் வலிப்பையே கொண்டுவரக்கூடியவை. சாமி மாடத்துக் கற்பூர டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சரி, இந்த எண்ணெயை வாங்கியதே "மிளகு" என்ற பேரை நம்பித்தானே? ரசத்தில் தட்டிப் போடும் மிளகு கொடியில் காய்ப்பது. இந்த மரம் பெரு நாட்டுப் பக்கத்தது. காய் மிளகு போல உருண்டையாக, உறைப்பாக இருப்பதால் வந்த பெயர், மற்றபடி இரண்டுக்கும் உறவில்லை. நம் மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருள். அது ஆவியாகாது. அதனால் ஆவியில் வடித்த எண்ணெயில், அது நம் மிளகிலிருந்தே வடித்ததானாலும், வாசனை வருமே தவிர அந்தக் காரம் வராது. பாட்டி வைத்த மிளகுக் கஷாயத்தின் சாரம் பாட்டிலில் அடைத்து வருகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கிருமியைக் கொல்லும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் சில பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கியது உண்மை. சேமித்த தானியத்தில் விழும் வண்டுகளிடமும் சோதித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு நெல் மூட்டைக்கு அது பயன்படலாம், பிள்ளையின் சளிக்கு இல்லை. மூன்று வயதுச் சளி தானாக அடங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், தேன் வேண்டுமானால் வெறும் தேனாகவே கொடுங்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிநீர்ப் பானை சரிந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பார்க்கிறேன்.

"விஷ மரம்" என்று போட்டவர்கள் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். இது மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணம் தெரியும். அதற்காக மாமரத்தை யாரும் விஷ மரம் என்பதில்லை.

மாமனார் கதைக்கு வருகிறேன். இந்த எண்ணெய் காற்றுப்பட்டுப் பழசானால் லிமோனீன் போன்றவை மாறி, தோலுக்கு ஒவ்வாத பொருள்களாகிவிடும். நீர் கலக்காமல் நேராகத் தேய்ப்பதும் தப்பு என்று சொல்ல வந்தேன், இது நீரில் கலக்கவே கலக்காது, தேங்காய் எண்ணெயில்தான் கலக்க வேண்டும். அதையும் இப்போது செய்ய வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தேய்ப்பதை அடியோடு நிறுத்தட்டும். கொப்புளம் பெரிதானாலோ நீர் வடிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம். பட்டுக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தோ சுட்டோ கை வெந்த அனுபவம் அவருக்கு உண்டா என்று மட்டும் கேளுங்கள். உண்டென்றால் அதை அந்த மருத்துவரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள்.